மாலத்தீவு நம்மை அவமதித்த பிறகும் இந்தியா வெங்காயம், முட்டை அனுப்பியது ஏன்? சுற்றுலாவைப் புறக்கணித்தது போல அதையும் நிறுத்தியிருக்க வேண்டாமா?

கேள்வியைப் படித்ததும் கடந்து போக முடியவில்லை. 2024 ஜனவரியில் செய்தி பார்த்துக் கொதித்தவர்களில் நீங்களும் ஒருவர் என்று நினைக்கிறேன். அந்நாட்டுத் தலைநகர் மாலேவுக்குப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்தவராகக்கூட இருக்கலாம். அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். லட்சத்தீவு போய் வந்த நம் பிரதமரை அந்நாட்டுத் துணை அமைச்சர்கள் மூன்று பேர் இழிவாக எழுதியதை யாரும் நியாயப்படுத்த முடியாது. அவர்களை அவர்கள் அரசே இடைநீக்கம் செய்தது. ஆனால் சரக்கை நிறுத்து என்பது வேறு பேச்சு.

நான் தூத்துக்குடிக்காரன். அப்பா தோணியில், அதாவது சரக்கு ஏற்றும் மரக்கலத்தில், தண்டலாக (மாலுமிகளின் தலைவராக) இருந்தவர். நான் கடலுக்குப் போகவில்லை. மாலேவுக்குப் போகும் சரக்குகளுக்கு சுங்கத்தில் காகித வேலை பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. 'உன் வருமானத்துக்காகப் பேசுகிறாய்' என்று கமெண்டில் எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாம், என் வருமானமும் இதில் இருக்கிறது. தோணியில் மூட்டை ஏற்றுகிறவர், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர், லாரி டிரைவர் எல்லோருடைய வருமானமும் இருக்கிறது. அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடாது.

முதலில் விஷயம். மாலத்தீவு முழுக்கப் பவளத் திட்டுகள். நெல்லும் கோதுமையும் விளைவிக்க நிலம் இல்லை. வீடு கட்டும் ஜல்லிகூட வெளியிலிருந்துதான் போக வேண்டும். 1981இல் இரு நாடுகளும் வர்த்தக ஒப்பந்தம் போட்டன. நம் நாட்டில் விலை ஏறி ஏற்றுமதியைத் தடை செய்தாலும், மாலத்தீவுக்கென்று ஆண்டுதோறும் ஒரு அளவை ஒதுக்கி அனுப்புவதற்கு அதுதான் அடிப்படை. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அது நடப்பில் இருக்கும்போதே, 2024 ஏப்ரலில், அந்த நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டை இந்தியா அறிவித்தது: வெங்காயம் 35,749 டன், அரிசி 1.24 லட்சம் டன், முட்டை 42.75 கோடி. ஒப்பந்தம் வந்த நாளிலிருந்து இதுதான் மிக அதிகம் என்று நம் தூதரகமே சொன்னது. சண்டை உச்சத்தில் இருந்த நேரம் அது. மாலத்தீவில் இருந்த நம் ராணுவத்தினர் மே 10க்குள் கிளம்ப வேண்டும் என்று அந்நாட்டு அரசு கெடு வைத்திருந்தது.

ஏன் அனுப்பினார்கள்? அந்த ஜனவரியிலேயே மாலத்தீவு அதிபர் முய்சு, அரிசி, மாவு, சர்க்கரையைத் துருக்கியிலிருந்து வாங்கப் போவதாக அறிவித்துவிட்டார். நாம் கையை விட்டால் அந்த இடத்தில் இன்னொருவர் உட்காருவார். ஒருமுறை கைமாறிய வாடிக்கையைத் திரும்பப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று எந்த மளிகைக் கடைக்காரரையும் கேளுங்கள்.

இனி என் கதை. மாலேயில் எங்களுக்கு ஒரு பழைய வாடிக்கையாளர் உண்டு, மொத்த வியாபாரி. பாய் என்றுதான் கூப்பிடுவோம். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அந்த நாட்களில் ஓர் இரவு போன் செய்தார். 'சரக்கு வருமா, வராதா, அதை மட்டும் சொல்லுங்க' என்றார். வரும் என்றேன். போனை வைக்காமல் தயங்கினார். அப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது. அவருடைய அம்மாவைச் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் கூட்டி வர வேண்டும், வழக்கமாக வருவதுதான். 'இப்ப வரலாமா அண்ணா? ரோட்டுல யாராச்சும் ஏதாச்சும் சொல்வாங்களா? அம்மாவுக்கு பயமா இருக்கு.'

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மருத்துவத்துக்கு அந்த மக்கள் எத்தனையோ காலமாக நம் ஊர்களை நம்பி வருகிறார்கள். விசா இல்லாமலே வந்து வீடு எடுத்துத் தங்குகிறார்கள். தைரியமாக வாங்க என்றேன். வந்தார்கள். மக்ரூன் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மொழியான திவேஹியில் ஏதோ சொன்னார். பாய் மொழிபெயர்த்தார்: எங்க வீட்டு அரிசி உங்க ஊர் அரிசிதான் என்கிறாராம்.

அதே வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அக்கா மகன், 'மாமா, காசுக்காக நாட்டை விக்கிறீங்க' என்று எழுதினான். தூக்கி வளர்த்த பிள்ளை. இந்தக் கேள்வி என்னைச் சுட்டதற்கு அதுவும் ஒரு காரணம். தடை நேரத்தில் ஒதுக்கீட்டு வெங்காயம் கிலோ கிலோவாகக் கணக்குக் காட்டித்தான் வெளியே போகும். காகிதத்தில் ஒரு எண் பிசகினால் மூட்டை அங்கேயே கிடக்கும். காற்றுப்படாமல் கிடந்தால் இரண்டே நாளில் அடி மூட்டை வெந்து தண்ணீர் விடும். அந்த வாடையில் நின்று வேலை பார்க்கிறவனைத்தான் நாட்டை விற்கிறவன் என்றான்.

நாட்டுப்பற்று பற்றிப் பேசுகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மாமா ஒருவர் தோணியைப் பழுது பார்க்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்கு நடையாய் நடந்தார். மரக்கலத்துக்குக் கடன் கிடையாது என்று கடைசியில் கைவிரித்தார்கள். காருக்கு வீடு தேடி வந்து கடன் கொடுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த தொழில் இது. தோணிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருவதைப் பற்றி எந்த ஹேஷ்டேகும் வந்ததில்லை.

சரி, சுற்றுலாவுக்கு வருகிறேன். 2023இல் மாலத்தீவுக்குப் போன வெளிநாட்டவரில் நம் ஆட்கள்தான் முதலிடம், 2 லட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டு அது நன்றாகச் சரிந்தது. அது அவரவர் பணம், போகாமல் இருக்க அவரவருக்கு உரிமை உண்டு; நான் அதில் தலையிட மாட்டேன். விடுமுறைக்குப் போகிற நீங்கள் கோவாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாலேயில் இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி வாங்குகிற குடும்பத்துக்கு அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. 2014 டிசம்பரில் மாலேயின் குடிநீர் ஆலை தீப்பிடித்தபோது விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பிய நாடு நம்முடையது. அதே நாடு பத்து ஆண்டு கழித்து ஒரு ட்வீட்டுக்காக அரிசியை நிறுத்தியிருந்தால்தான் எனக்குத் தலைகுனிவாக இருந்திருக்கும்.