கர்ப்பக் காலத்தில் மனச்சோர்வு மாத்திரை

கேள்வி: கர்ப்பமாக இருக்கும் என் மகள், மனச்சோர்வுக்காகச் செர்ட்ரலின் மாத்திரை உட்கொள்கிறாள். அதனால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று சம்பந்தி வீட்டார் அஞ்சுகிறார்கள். நிறுத்திவிடலாமா?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம், அம்மா. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை முதலியவை வருவதோடு நோயும் திரும்பக்கூடும்.

சம்பந்தி வீட்டாரின் அச்சம் வெறும் வதந்தியில் பிறந்ததன்று; இம்மருந்துகளை உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் சற்று அதிகம் எனப் பல ஆய்வுகள் கண்டன. ஆனால் அது மருந்தின் விளைவா, மருந்து தேவைப்பட்ட நோயின் விளைவா, குடும்ப மரபின் விளைவா என்பதை வெறும் ஒப்பீடு பிரித்துக் காட்டாது. சுவீடனில் 1996 முதல் 2012 வரை பிறந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வில், ஒரு வயிற்றுப் பிள்ளைகளுள் கருவின் முதல் மூன்று மாதங்களில் மருந்துக்கு ஆட்பட்டவரையும் ஆட்படாதவரையும் ஒப்பிட்டபோது, ஆட்டிச வேறுபாடு மறைந்தது. குறைமாதப் பிரசவ வாய்ப்பு மட்டுமே சிறிது கூடியிருந்தது.

பதிவேட்டு ஆய்வுகள் எல்லா மருந்தையும் நல்லதென்றே சொல்லும் என எண்ண வேண்டாம். வலிப்புக்கும் இருமுனை மனநோய்க்கும் தரப்படும் வால்ப்ரோயேட்டைக் கர்ப்பக் காலத்தில் உட்கொண்டவர்களின் பிள்ளைகளில் 4.42 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் இருந்ததை, பொதுவில் அது 1.53 விழுக்காடாக இருக்க, 2013இல் காட்டியதும் டென்மார்க்கின் பதிவேடுகளே.

மகள் அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுசென்று, மகப்பேற்று மருத்துவரும் மனநல மருத்துவரும் கலந்து பேச வேண்டும் எனக் கேட்கட்டும்.