பழைய மெஷின்ல அரை இஞ்ச் மரை போயிடுச்சு, எம்12 டேப் ஓட்டிக்கலாமா?

வேண்டாங்க, டேப்பை மொதல்ல கீழ வைங்க. காஸ்ட் அயன் பாடில அரை இஞ்ச் மரை பாதி போயிடுச்சு, கையில எம்12 டேப் (12 மில்லி மெட்ரிக் மரை வெட்டற கருவி) இருக்கு, அதையே ஓட்டி மெட்ரிக் போல்ட் போட்டுக்கலாமான்னு கேக்கறீங்க. பக்கத்துல எவனாவது நின்னுக்கிட்டு "12 மில்லின்னா அரை இஞ்ச்தானே"ன்னு சொல்லிருப்பான். இதைக் கேட்டாலே எனக்கு பத்திக்கிட்டு வரும், நான் கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரில ஃபிட்டர், இந்த ஒரு பேச்சால எங்க இலை உருட்டற ரோலர்ல பேரிங்கை மேல மூடிப் பிடிக்கற கேப்போட போல்ட் ஓட்டை அத்தனையும் நாசமாச்சு.

அரை இஞ்ச்னா 12.7 மில்லி. வெள்ளைக்காரன் காலத்து மெஷின்ல பெரும்பாலும் பிஎஸ்டபிள்யூ, அதாவது பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் விட்வொர்த் மரைதான் இருக்கும், 1841ல விட்வொர்த்ங்கற இங்கிலாந்து இஞ்சினியர் வகுத்தது, கோணம் 55 டிகிரி, இஞ்சுக்கு 12 மரை, அதாவது பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) 2.1 மில்லிக்கு மேல. எம்12க்கு 60 டிகிரி, பிட்ச் 1.75. அதனால எம்12 போல்ட் லொடலொடன்னு ரெண்டு மூணு சுத்து போயி அப்படியே சிக்கிக்கும், நம்மாளு டைட் ஆயிடுச்சுன்னு நினைச்சுக்குவான். டேப் ஓட்டினா மிச்சம் இருக்கற மரையையும் குறுக்க அரிச்சு பொடியாக்கிடும். ஏற்கனவே 12.7 வரைக்கும் வெட்டின ஓட்டைல எம்12 பிடிக்கறதுக்கு சதை எங்கங்க இருக்கு?

எங்ககிட்ட ஓவர்ஹாலுக்குன்னு வெளிய இருந்து வந்த ஆளுங்க இம்பாக்ட் கன்னை வச்சு டர்ருன்னு எம்12ஐ ஏத்திட்டு பில்லை வாங்கிட்டு போயிட்டாங்க. ரோலர் ஆடற ஆட்டத்துக்கு அது நிக்குமா, கேப் லூசாகி தடதடன்னு சத்தம், ஆபீஸ்ல என்னடான்னா ஃபிட்டர் சரியா டைட் வைக்கலையாம்! கழட்டி உள்ள விரலை விட்டா கருப்பா மாவு மாதிரி கொட்டுது, மரைன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல.

நான் பண்ணது இதுதான். ஓட்டையை 13.5 மில்லி டிரில்லால பெருசு பண்ணி, அஞ்சு நூல், அதாவது 5/8 இஞ்ச் பிஎஸ்டபிள்யூ டேப் போட்டேன். 13.5 போட்டா பழைய மரை சுத்தமா போயிடும், புது மரைக்கு புது சதை கிடைக்கும். டேப் செட்ல மூணு வரும், டேப்பர் போட்டு, செகண்ட் போட்டு, அடி மூடின ஓட்டைன்னா கடைசில பாட்டமிங். மொதல் ரெண்டு சுத்துலயே மூலைமட்டத்தை ரெண்டு பக்கமும் வச்சுப் பாத்துடணும், சாஞ்சு இறங்கினா அப்புறம் திருத்தவே முடியாது. காஸ்ட் அயனுக்கு எண்ணெய் ஊத்தாதீங்க, பொடியோட சேந்து களிமண்ணு மாதிரி அடைச்சுக்கும், அப்பப்ப வெளிய எடுத்து ஊதி விட்டாப் போதும். முறுக்கி ஒடிச்சுடாதீங்க, அலுமினியத்துல ஒடிஞ்ச டேப்பையாவது படிகாரத் தண்ணில காய்ச்சி கரைக்கலாம், காஸ்ட் அயன்ல பண்ணா பாடியும் சேந்து அரிச்சுடும்.

அந்த 5/8 டேப் வாங்க கோயமுத்தூர் போனேன் பாருங்க, மே மாசம். நீலகிரிக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு 2024லருந்து இ-பாஸ்னு சொன்னாங்க, நம்ம ஊர் டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம்தான், ஆனா நெரிசல்ல நிக்கறது எல்லாரும் ஒண்ணாத்தானே? ஒரு டேப்புக்கு ஒரு நாள் கூலி போச்சு, அதை யாரும் கணக்குல எழுதல.

சரி, கேப்புல ஓட்டை அரை இஞ்ச் போல்ட்டுக்குத்தானே இருக்கு, அதுக்கு ஸ்டெப் ஸ்டட், தலை இல்லாம ரெண்டு முனையிலயும் மரை வெட்டின போல்ட். கீழ 5/8, மேல 1/2, ஒரே ராடுல லேத்துல வெட்டினது. டூல் 55 டிகிரிக்கு தீட்டணும், மெட்ரிக் டூலை வச்சு ஒப்பேத்தாதீங்க. எங்க லேத்து பழசு, டூலை நகத்தற லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு 4 மரை. 1/2க்கு 12 மரை, நாலால சரியா வகுபடும், டூலை அந்த ஸ்க்ரூவோட கோக்கற ஹாஃப் நட்டை எங்க வேணா போடலாம். 5/8க்கு 11 மரை, அங்கதான் சிக்கல், எப்ப கோக்கணும்னு காட்டற த்ரெட் டயல் இல்லைன்னா ஹாஃப் நட்டை எடுக்காம மோட்டாரை ரிவர்ஸ்ல ஓட்டி திரும்ப வரணும், இல்லைன்னா ரெண்டாவது வெட்டு வேற தடத்துல விழும்.

ஓட்டைக்குள்ள ஹெலிகாயில்ங்கற கம்பிச் சுருள் மரை போட்டா பழைய போல்ட்டையே போடலாமேன்னு சிஎன்சி வச்சிருக்கற சாருங்க வருவாங்க, தெரியுங்க, தப்புன்னு சொல்லல, அரை இஞ்ச் பிஎஸ்டபிள்யூ கிட் எங்களுக்கு கைக்கு கிடைக்கல, ஆலை நிக்குது, இலை வாடிக்கிட்டு இருக்கு.

உங்களுதுல மொதல்ல நல்லா இருக்கற ஒரு பழைய போல்ட்டை எடுத்து மரை கேஜ் வச்சுப் பாருங்க, கேஜ் இல்லைன்னா ஸ்கேலை வச்சு ஒரு இஞ்சுக்கு எத்தனைன்னு எண்ணுங்க. 12ன்னா பிஎஸ்டபிள்யூ, 13 வந்தா அது அமெரிக்க யுஎன்சி, நான் சொன்ன டேப்பு ஸ்டட்டு எல்லாமே மாறும். அப்புறம் ஓட்டையோட ஓரத்துலருந்து காஸ்டிங் விளிம்பு வரைக்கும் எவ்வளவு மில்லின்னு அளந்து சொல்லுங்க, 5/8 தாங்குமான்னு பாக்கலாம்.