அடிக்கடி ரிலீஸ் விட்டால் நிலைத்தன்மை போய்விடாதா? திறமூலத் திட்டங்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

லினக்ஸ் கெர்னலின் (அந்த இயங்குதளத்தின் மையப் பகுதி) அனுபவம் நேர் எதிர். ரிலீஸ்களுக்கு நடுவே இடைவெளி நீண்டபோதுதான் நிலைத்தன்மை கெட்டது.

அந்தக் காலத்தில் வெர்ஷனின் இரண்டாவது எண்ணை வைத்து ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று ஒரு கணக்கு இருந்தது. 2.4 என்றால் ஸ்டேபிள் (நிலையானது), 2.5 என்றால் சோதனைக்களம். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் 2.4 வந்தது 2001 ஜனவரியில், அடுத்த ஸ்டேபிளான 2.6 வந்தது 2003 டிசம்பரில். அதுவரை யார் காத்திருப்பார்கள்? கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்து வெளியிடும் டிஸ்ட்ரோக்காரர்கள் 2.5-இல் இருந்ததைப் பிய்த்தெடுத்து 2.4-இல் ஒட்டினார்கள். ரெட் ஹாட் லினக்ஸ் 9 என்ற டிஸ்ட்ரோவில் கெர்னல் எண் 2.4.20 என்றுதான் காட்டும், உள்ளே 2.5-க்காக எழுதிய புது திரெட் வசதி உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, 2.4.10-இல் நினைவக மேலாண்மைப் பகுதியையே தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தார் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். இதற்குப் பெயர் ஸ்டேபிளாம்!

2004-இல், 2.7 என்று தனிச் சோதனைக் கிளை வேண்டாம் என முடிவெடுத்தார்கள். இப்போது ஒரு வெளியீடு முடிந்ததும் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அதாவது புதியவற்றைச் சேர்க்கும் காலம். புது அம்சமெல்லாம் அதற்குள் வந்துவிட வேண்டும். பிறகு வாரம் ஒரு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு), பெரும்பாலும் ஏழு வரை, திருத்தங்கள் மட்டும். மொத்தம் 9 அல்லது 10 வாரம். இந்த பஸ்ஸை விட்டால் இரண்டு மாதத்தில் அடுத்தது என்று தெரிவதால், அரைவேக்காட்டு நிரலை அவசரமாக உள்ளே தள்ளும் ஆசை குறைகிறது. நல்லபடி ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் புதுக் கெர்னலில் உடைந்தால் அது கெர்னலின் பிழைதான் (பக்), "நீ எழுதியது தப்பு" என்ற சாக்கு எடுபடாது.

6.12 வெளியானபின் திருத்தங்களோடு 6.12.1, 6.12.2 என்று வருபவை ஸ்டேபிள் கிளை. அதில் சேரும் பேட்ச் (நிரல் திருத்தம்) 100 வரிக்கு மேல் போகக்கூடாது, முதலில் லினஸின் மரத்தில் (அவர் பராமரிக்கும் முதன்மை நிரல் தொகுப்பில்) ஏறியிருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது விதி இல்லாவிட்டால், பழையதில் சரிசெய்த பக், அப்கிரேட் பண்ணியதும் திரும்ப வந்து நிற்கும்.

ஆக, புதுசு எழுதுவதைவிடப் பழசைக் கட்டிக் காப்பதுதான் ஆளைத் தின்னும் வேலை. நீண்டகால ஆதரவை 6 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைக்கப் போவதாக 2023-இல் கெர்னல்காரர்களே அறிவித்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், இரண்டு மூன்று பேர் நடத்தும் திட்டம் நாலு பழைய வெர்ஷனுக்கு ஆதரவு என்று ரீட்மியில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பில்) எழுதுவது வீண் வம்பு. ஒரே ஒரு ஸ்டேபிள் கிளை போதும். ரிலீஸுக்குத் தேதி வையுங்கள். தயாராகாத அம்சத்துக்காகத் தேதியைத் தள்ளாதீர்கள், அம்சத்தைத் தள்ளுங்கள்.

பயன்படுத்துபவராகக் கேட்டிருந்தால், என் பழக்கம் இது: சர்வரில் டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் ஸ்டேபிள் பதிப்பு தரும் கெர்னல்தான். புது லேப்டாப்பில் வைஃபை எடுக்கவில்லை என்றால் மட்டும் பேக்போர்ட்ஸிலிருந்து (ஸ்டேபிளுக்கு ஏற்ப டெபியன் தரும் புதிய வெர்ஷன்களின் தொகுப்பு) புதுசு போடுவேன்.