முழங்கால் வலியோடு கிரீட் தீவுக்கு

கேள்வி: நானும் என் கணவரும் அறுபதைக் கடந்தவர்கள், சைவ உணவுக்காரர்கள். ஏதென்ஸுக்குப் போகும்போது ஒரு வாரம் கிரீட் தீவில் தங்கி, சமாரியா பள்ளத்தாக்கை நடந்தே கடக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எனக்கு முழங்கால் வலி உண்டு. அந்தக் கரடுமுரடான தீவு எங்களுக்குத் தோதுப்படுமா?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், ஆனால் சமாரியாவை உங்கள் கணவர் நினைத்திருக்கும் வழியில் நடக்க வேண்டாம்.

ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் தொடங்கி தீவின் தென்கரையில் உள்ள லிபியக் கடல் வரை 16 கிலோமீட்டர் இறங்கும் பாதை அது. ஏற்றமே இல்லையே என்று பலர் துணிந்துவிடுகிறார்கள். முழங்காலை வாட்டுவதோ இறக்கம்தான், அதுவும் முதல் சில கிலோமீட்டரிலேயே செங்குத்தாக. பாதி வழியில் கால் மறுத்துவிட்டால் ஏறிக்கொள்ள வண்டி கிடையாது. அடிபட்டவர்களைச் சுமக்கக் கோவேறு கழுதைகள் உண்டு என்றாலும், அவற்றை நம்பிப் பயணத்தைத் திட்டமிடுவது சரியல்ல.

நீங்கள் கீழிருந்து நுழையுங்கள். ஹோரா ஸ்ஃபாகியோன் துறையிலிருந்து படகேறினால், சாலையே எட்டாத அகியா ருமேலி என்னும் சிற்றூரில் இறங்கலாம். அங்கிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் உள்ளே நடந்தால், ஏறத்தாழ 300 மீட்டர் உயரப் பாறைச் சுவர்கள் இருபுறமும் நெருங்கி, இடையே சில மீட்டர் மட்டுமே வழி விடும் இடத்தை அடைவீர்கள். காலடியில் ஓடை சலசலக்கும், உருளும் கூழாங்கற்களில் ஊன்றுகோல் கைகொடுக்கும். பள்ளத்தாக்கின் உச்ச அழகு அதுதான் என்பது என் எண்ணம். கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும் என்பதால், மறுநாளே விமானம் ஏறும்படி மட்டும் திட்டம் போட்டுவிடாதீர்கள்.

வரைபடத்தைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. தீவின் நீளம் சுமார் 260 கிலோமீட்டர், அகலமோ 60-ஐத் தாண்டாது. ஆனால் வடகரையில் உள்ள ஹானியாவிலிருந்து ஸ்ஃபாகியோனுக்கு எழுபது சொச்சம் கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரம் வரை ஆகும். கொண்டை ஊசி வளைவுகளில் வெள்ளாடுகள் சாவகாசமாக நின்று வழிமறிக்கும். அந்த வளைவுகளில்தான் திடீரென்று கடல் முழுவதும் கீழே விரிகிறது என்பதால் இதைக் குறை என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. தினம் ஓர் ஊர் என்று அலையாமல், ஹானியாவில் நான்கு நாள், தென்கரையில் மூன்று நாள் தங்குங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம்: கூட்டமும் வெயிலும் அதிகம், கடும் வெப்ப நாள்களில் பள்ளத்தாக்கையே மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் அது திறந்திருக்காது, தென்கரை விடுதிகளும் பெரும்பாலும் அடைத்திருக்கும். செப்டம்பர் கடைசி உங்களுக்கு ஏற்றது.

உணவுக்குக் கவலை இல்லை. வாற்கோதுமை ரொட்டியில் தக்காளியும் பாலாடைக்கட்டியும் இட்ட டாக்கோஸ், ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்ட காட்டுக்கீரை ஆகியவை எங்கும் கிடைக்கும். ‘நோன்பு உணவு’ என்று கேட்டு வாங்கினால் மட்டும் எச்சரிக்கை: அதில் இறைச்சி இராது, கணவாயோ இறாலோ இருக்கலாம். சாப்பாட்டின் முடிவில் கேட்காமலே வரும் சிறு குப்பியில் இருப்பது தண்ணீர் அல்ல, ராக்கி என்னும் சாராயம். உங்கள் கணவர் அதைச் சுவைத்தால் வண்டிச் சாவி உங்களிடம் இருக்கட்டும்.