எழுப்பியிருக்க வேண்டும்

கேள்வி: என் மனைவிக்கு 36 வயது. குடலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு வந்து, சிறுகுடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மார்பில் வைத்த சென்ட்ரல் லைன் என்கிற குழாய் வழியாக ராத்திரி 12 மணி நேரம் டி.பி.என். பை (நேராக ரத்தத்தில் ஏற்றும் சத்துக் கரைசல்) ஏறுகிறது. அவளே மாட்டிக்கொள்வாள். போன வாரம் மாட்டிய கொஞ்ச நேரத்தில் குளிர் நடுக்கம் வந்து, என் அம்மாவின் தூக்கம் கெடும் என்று யாரையும் எழுப்பாமல் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிட்டாள். காலையில் சரியாகிவிட்டது. ஃப்ரிட்ஜ் முழுக்கப் பைகள், விசேஷங்களுக்கு அவள் வருவதில்லை, அம்மாவுக்கு மனக்கஷ்டம். கொஞ்ச நாள் அவளைப் பிறந்த வீட்டில் விடலாமா?
- திருப்பூர் வாசகர்

பதில்: தம்பி, கடிதம் வந்த அன்றே உங்களுக்குப் போன் செய்து, மனைவியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னோம். மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

அந்தக் குழாயின் நுனி இதயத்துக்குப் பக்கத்தில், பெரிய ரத்தக் குழாயில் இருக்கிறது. அதில் கிருமி இருந்தால், பை ஏறும்போது நேராக ரத்தத்தில் கலக்கும். மாட்டியதும் நடுங்கினால், லைனில் தொற்று என்றே எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பையை நிறுத்தி, லைனைக் கிளாம்ப் போட்டு மூடி, அவசரப் பிரிவுக்குப் போய் "சென்ட்ரல் லைன் இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் லைனிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் எடுத்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புவார்கள். காய்ச்சல் 100.4 டிகிரி வந்தாலும் இதேதான். பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. உயிர் போயிருக்கலாம். நீங்கள் 'சரியாகிவிட்டது' என்று எழுதுகிறீர்கள்!

பல் கிட்டும் நடுக்கத்திலும் ஒரு பெண் மாமியாரின் தூக்கத்துக்குக் காவல் இருந்திருக்கிறாள். அவளை அப்படிப் பயப்பட வைத்தது யார்? ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அவள் காதில் என்ன விழுந்ததோ. நீங்கள் எங்கே படுத்திருந்தீர்கள்?

பெற்றவளைப் பார்த்துக்கொள்வது கடமை, அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் மனைவியின் காய்ச்சலைவிட அம்மாவின் தூக்கம் பெரிது என்று ஒரு வீட்டில் ஆகிவிட்டால், தப்பு அம்மா மேல் அல்ல, மகன் மேல். அம்மாவிடம் பேச வேண்டியது நீங்கள். இதுவரை பேசவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

வார்டு நர்ஸிடம் உட்கார்ந்து பை மாட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஃபேனை நிறுத்தி, சோப்புப் போட்டுக் கை கழுவி, இணைப்பு முனையை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, அப்புறம்தான் மாட்ட வேண்டும். அந்த 15 விநாடி ரொம்ப நீளமாகத் தெரியும், அவசரப்படாதீர்கள். தினமும் ராத்திரி அதைச் செய்யுங்கள், அவள் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும். அவள் அறையிலேயே படுங்கள், தெர்மாமீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பைகளுக்குத் தனியாக ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்குங்கள். விசேஷத்துக்கு நீங்கள் போய் மொய் வைத்துவிட்டு வந்தால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவளாகக் கேட்டால் கூட்டிப்போய் விடுங்கள். நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.