பொண்ணு கவுன் தைக்கிறான்னு கவலைப்படுற அக்காவுக்கு

அக்கா, பொண்ணு பிளஸ் டூ காமர்ஸ் முடிச்சுட்டு காலேஜ் பேச்சையே எடுக்காம பக்கத்து வீட்டு குட்டிக்கு கவுன் தைக்கிறேன்னு மிஷின்லயே உக்காந்திருக்கா, படிப்பு வராதவதான் தையலுக்குப் போவான்னு மாமா வேற கத்துறாருன்னு எழுதியிருந்தீங்க. மாமாவை கொஞ்ச நாள் விடுங்க. பி.காம் அப்ளிகேஷன் ஒண்ணு போட்டு வைங்க, சீட்டு அது பாட்டுக்கு கையில இருக்கட்டும். அதுக்குள்ள அவளை வீட்லயே பத்து உருப்படி தைக்க விடுங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்.

குழந்தை துணில ஆரம்பிச்சது நல்ல விஷயம்தான், ஏன்னா ரெண்டு வயசு குட்டி கவுனுக்கு ஒரு மீட்டர் காட்டன் போதும், கெட்டுப்போனாலும் பெருசா நஷ்டம் இல்ல, எடுத்த உடனே பிளவுஸ்ல கை வச்சா டாட்ங்கற மடிப்புத் தையல், கை இறக்கம்னு வெறுத்துப் போயிடும். முதல்ல ஜபலா (கைக்குழந்தைக்குப் போடற லூசான சட்டை), அப்புறம் எலாஸ்டிக் ஜட்டி, சிம்மிஸ், சுருக்கு வச்ச கவுன், காலர் எல்லாம் கடைசி. புது மிஷினுக்கு ஓடாதீங்க, வீட்ல இருக்கற கால் மிஷினுக்கே எண்ணெய் விட்டு பெல்ட் மாத்தி 14 நம்பர் ஊசி போட்டா போதும். முதல் வாரம் நூலே வேண்டாம், கோடு போட்ட நோட்டு பேப்பர்ல கோட்டு மேலயே ஓட்டட்டும், சக்கரம் ரிவர்ஸ் போகாம இருந்தாலே பாதி கிணறு தாண்டியாச்சு.

எல்லாரும் விழற ஒரு குழி இருக்கு. எங்க அக்கா மகளுக்கு நான் தைச்ச முதல் கவுன் அவ்ளோ அழகா வந்துச்சு, ஆனா தலைல மாட்டி நின்னுடுச்சு, உள்ள இருந்து குழந்தை கத்துறா, வெளிய எங்கம்மா என்னைக் கத்துறாங்க. விஷயம் என்னன்னா ரெண்டு வயசு குழந்தைக்கு தலை சுத்தளவே கிட்டத்தட்ட 19 இன்ச் வரும், மார்பு அளவுக்கும் அதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்காது, நாம கழுத்தை 12 இன்ச்ல வெட்டிட்டா எப்படி இறங்கும்? பின்னாடி நாலு இன்ச் திறப்பு விட்டு பட்டன் வைக்கணும். துணியை வெட்டறதுக்கு முன்னாடி நனைச்சு காயப்போட்டுடணும், சைடுல ஒரு இன்ச் உள்பிடி, கீழ ரெண்டு இன்ச் மடிப்பு விட்டா அடுத்த வருஷமும் பிரிச்சு விட்டுக்கலாம்.

ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் தேடி எடுத்து சேர்த்து வச்சுப் பார்க்கணும், ஒரு துண்டு குறைஞ்சாலும் அந்த துணியை குழந்தைக்குப் போடக்கூடாது. திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல இதுக்கு ரெஜிஸ்டரே இருக்கு, குழந்தை துணியை ஊசி கண்டுபிடிக்கற மிஷின்ல விட்டுத்தான் பேக் பண்ணுவாங்க. இந்தப் பழக்கம் வீட்லயே வந்துட்டா நாளைக்கு கம்பெனில குவாலிட்டி செக்கிங் வேலைக்குப் போனாலும் உதவும்.

கோர்ஸ் விஷயம். ஐ.டி.ஐல டிரஸ் மேக்கிங், சூயிங் டெக்னாலஜி ரெண்டும் ஒரு வருஷம். பேங்க் நடத்துற ஆர்செட்டிங்கற (RSETI) கிராமப்புற சுயதொழில் பயிற்சி சென்டர்கள்ல ஒரு மாசம் போல இலவசமாவே தையல் சொல்லித் தர்றாங்க, 18 வயசு ஆகியிருக்கணும். சென்னை தரமணில இருக்கற நிஃப்ட்ங்கற (NIFT) மத்திய அரசு ஃபேஷன் காலேஜ்ல நாலு வருஷ டிசைன் டிகிரிக்கு காமர்ஸ் பிள்ளைங்களும் நுழைவுத்தேர்வு எழுதலாம், ஆனா எக்ஸாம் வழக்கமா வருஷ ஆரம்பத்துலயே முடிஞ்சுடும், அதனால இந்த வருஷ வண்டி போயிடுச்சு, அடுத்ததுக்கு ரெடியாகலாம். தெருவுக்குத் தெரு இருக்கற பிரைவேட் ஃபேஷன் டிப்ளமோன்னா பணம் கட்டறதுக்கு முன்னாடி சீனியர் பசங்க தைச்ச துணியை கேட்டு வாங்கி உள்பக்கம் திருப்பிப் பாருங்க, அங்கயே வண்டவாளம் தெரிஞ்சுடும். ஒரு மிஷினுக்கு எத்தனை பேர்னும் கேளுங்க.

இன்னொண்ணு, பக்கத்து வீட்ல ரெண்டாவது கவுனுக்கு 50 ரூபாயாவது தையல்கூலி வாங்கச் சொல்லுங்க. ஓசில தைச்சா யாரும் குறை சொல்ல மாட்டாங்க, காசு குடுத்தாத்தான் கை டைட்டா இருக்கு, பட்டன் தொங்குதுன்னு வாய் திறப்பாங்க, அவளுக்கு இப்ப அதுதான் வேணும். பத்தாவது உருப்படி முடிஞ்சதும் உள்பக்கம் திருப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க அக்கா, ஐ.டி.ஐயா நிஃப்ட்டா பி.காமான்னு அப்ப பேசுவோம், மாமாவையும் லைன்ல வச்சுக்கோங்க.