வாசகர் கேள்வி பதில்: ஒரு நாள் விட்டால் மறுபடியும் பூஜ்யமா?

கேள்வி: வணக்கம் சார். வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். மகன் என் போனில் பழக்கங்களைக் குறிக்கிற ஆப் ஒன்று போட்டுக் கொடுத்தான். காலை நடை, கொஞ்சம் படிப்பு, வரவு செலவு எழுதுவது என்று தினமும் டிக் போட்டு வந்தேன். கொடுக்க வேண்டிய துணிகளையும் அதிலேயே ஏற்றி வைத்திருந்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள், அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு ஒன்றுமே செய்ய முடியவில்லை. மறுநாள் திறந்தால், விடாமல் செய்த நாள் எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டுகிறது. அதோடு மனசு விட்டுப்போய் திறப்பதையே நிறுத்திவிட்டேன். இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?
— வாசகி, செல்லூர்

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. தைக்கும்போது நூல் அறுந்தால் அறுந்த இடத்தில் கோர்த்துத்தானே மேலே தைக்கிறீர்கள், யாராவது முழுச் சட்டையையும் பிரிப்பார்களா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரை 12 வாரம் கவனித்து ஆய்வு செய்தது, 2010-ல் வெளியானது. சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது, நடப்பது மாதிரி ஆளுக்கொரு பழக்கம். அது யோசிக்காமலே வருகிற நிலைக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்று அந்த 12 வார விவரத்தை வைத்துக் கணக்கிட்டதில் சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள், நடுவில் 66 நாள் என்று வந்தது. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிற கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். உங்களுக்கு முக்கியமான விஷயமும் அதிலேயே இருக்கிறது: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் ஊறுவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. நீங்கள் நடந்த நடை உங்கள் காலில்தான் இருக்கிறது, அதை எந்த ஆப்பாலும் அழிக்க முடியாது.

அந்தத் தொடர்ச்சி எண் ஆரம்பத்தில் நல்ல உந்துதல் கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் நன்றாகச் செய்துகொண்டிருந்த ஒருவரை ஒரே நாளில் தோற்றவராகக் காட்டுகிற வடிவமைப்பு தப்பானது என்பதுதான் என் உறுதியான எண்ணம், இப்படி மனசு ஒடிந்து விட்டுவிட்டேன் என்று எழுதுகிற கடிதங்களைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஓர் ஆப் நல்லதா என்று பார்க்க, நீங்கள் தவறவிட்ட மறுநாள் அது என்ன காட்டுகிறது என்று பாருங்கள். லூப் ஹேபிட் டிராக்கர் என்று ஆண்ட்ராய்டில் ஒன்று இருக்கிறது, இலவசம், விளம்பரம் கிடையாது. அதில் பழக்கத்தின் பலத்தைச் சதவீதமாகக் காட்டுவார்கள், ஒரு நாள் விட்டால் கொஞ்சம் இறங்கும், மறுபடி செய்தால் ஏறும். 'தினமும்' என்பதற்குப் பதில் 'வாரத்தில் 5 முறை' என்றும் வைத்துக்கொள்ளலாம். கல்யாணம், திருவிழா, ஊருக்குப் போவது எல்லாம் இருக்கிற வீட்டுக்கு அதுதான் சரி.

அப்புறம், துணிகளை அங்கே போடாதீர்கள். ரவிக்கை கொடுத்துவிட்டால் அந்த வேலை முடிந்தது, நடை முடிவதே இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் திறந்தவுடனே மலைப்பாகத்தான் இருக்கும். துணிகளுக்குக் கூகுள் டாஸ்க்ஸ் போதும், கொடுக்க வேண்டிய தேதியோடு எழுதி வையுங்கள். பழக்கத்தில் இப்போதைக்கு நடை ஒன்றை மட்டும் வையுங்கள், அதையும் 'காபி குடித்து டம்ளரைக் கழுவியதும் கிளம்புவேன்' என்று ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு சேர்த்து வைத்தால் சீக்கிரம் பிடிபடும்.

கேள்வி: கோரிப்பாளையத்தில் இரவுக் கடை வைத்திருக்கிறேன். கடை சாத்தி வீட்டுக்கு வர 1 மணி ஆகிவிடும். வந்ததும் கணக்கு எழுதி டிக் போட்டால் ஆப் அதை அடுத்த நாளில் சேர்க்கிறது. செய்த வேலை செய்யாததாகத் தெரிகிறது.
— வாசகர், கோரிப்பாளையம்

பதில்: நியாயமான கோபம் அண்ணே. இரவு 12 மணிக்கு எல்லாரும் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துச் செய்த ஆப்கள் தூங்கா நகரத்துக்கு எப்படிப் பொருந்தும்? மேலே சொன்ன லூப்பிலேயே செட்டிங்ஸில் புது நாளை இரவு 3 மணிக்குத் தொடங்க வைக்கிற வசதி இருக்கிறது. ஹாபிடிகா என்கிற ஆப்பில் நாள் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று நீங்களே குறிக்கலாம், ஆனால் அது முழுக்க விளையாட்டு மாதிரி இருக்கும், கடை சாத்திவிட்டு அசந்து வருகிறவருக்கு அவ்வளவும் எதற்கு? நீங்கள் வைத்திருக்கிற ஆப்பில் இப்படி ஒரு வசதியும் இல்லையென்றால் காலண்டரில் முந்தைய நாளைத் தொட்டு டிக் போட முடிகிறதா என்று பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் ஆப்பை மாற்றுங்கள், உங்கள் நேரத்தை மாற்ற வேண்டாம்.

கேள்வி: காலை 6 மணிக்கு வைத்த ரிமைண்டர் நான் போனைக் கையில் எடுத்த பிறகுதான் வருகிறது. போன் பழுதா?
— கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: பெரும்பாலும் பழுது இருக்காது. போன் சும்மா கிடக்கும்போது பேட்டரி சேமிக்க ஆப்களைத் தூங்க வைக்கிற ஏற்பாடு 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்தே உண்டு, சில கம்பெனி போன்களில் அது இன்னும் கடுமையாக இருக்கும். செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ஆட்டோஸ்டார்ட் என்று ஒன்று இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேல் என்றால் நோட்டிபிகேஷனுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், புதிதாக ஆப் போடும்போது அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருக்கலாம். இவ்வளவும் செய்தும் வரவில்லை என்றால் 6 மணிக்குப் போனில் இருக்கிற சாதாரண அலாரத்தையே வைத்துவிடுங்கள், அதிலேயே பெயர் எழுதிக்கொள்ளலாம்.